மேலே இருந்ததற்கான சான்று

ஆனந்தசாகரம் உல்லாச நகரத்தில் தங்க வருகிறவர்கள் முதலில் வாகனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறை, சாப்பாடு, ராட்டினம் எல்லாம் அதற்கப்புறம்தான். தேர்ந்தெடுக்காதவர்கள் வந்ததாகவே சேர்த்தி இல்லை. வாசலில் இருக்கும் பெரிய யானைச் சிலைக்குப் பின்னால் அவர்களை நிற்க வைத்திருப்பார்கள். வேதநாயகியும் தனக்கோடியும் உள்ளே நுழைந்தபோது அங்கே ஒரு குடும்பம் நின்றிருந்தது. எட்டு மாதமாக முடிவுக்கு வரவில்லையாம். பெரிய பெண் அங்கேயே பிளஸ் டூ பாஸ் செய்திருந்தாள்.

வேதநாயகி மன்னார்குடியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் புருஷன் தனக்கோடி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். முப்பத்தோரு வருஷம் சின்ன அறைக்குள் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸுக்கு வந்த நேரமும் போகிற பஸ்ஸுக்குப் போன நேரமும் எழுதி, விசில் ஊதி அனுப்பியவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் விசிலும் நோட்டும் இருக்கும்.

மஸ்கட்டில் இருக்கும் மகள் மதுரா, அவர்களுடைய முப்பதாவது கல்யாண நாளுக்காக இங்கே நாலு நாள் பதிவு செய்திருந்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து எங்கேயுமே போனதில்லையேம்மா" என்றாள். யோசித்துப் பார்த்தால் அது நிஜம்தான்.

கவுண்டரில் இருந்த பெண் எஸ்தர் பொன்மலர் என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தாள். இரண்டு படிவங்களை நீட்டினாள்.

"நாலு வாகனம் இருக்கு. படகு, ஒத்தைத் தண்டவாள ரயில், பஸ், ரோப் கார்."

"படகு எப்படிம்மா?" என்று கேட்டாள் வேதநாயகி.

"நல்லா இருக்கும். போனவங்ககிட்டேருந்து லெட்டர் வருது."

"ரயில்?"

"ரயில் நீங்க போகணும்னு நினைச்ச இடத்துக்குப் போகாது. போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போகும். போன வாரம் ஒருத்தர் மாவட்டக் கலெக்டரா இறங்கினார். பாவம், குடும்பத்தோட ராட்டினம் சுத்த வந்தவர்."

"பஸ்?" என்றார் தனக்கோடி.

"நேரத்துக்கு வரும். நேரத்துக்குப் போகும்."

தனக்கோடி அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. படிவத்தில் பஸ் என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'பஸ் என்பதால்' என்று எழுதினார். அடியில் கோடு போட்டார்.

வேதநாயகி கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தாள். கம்பியில் தொங்கிக்கொண்டு ரோப் கார் கூண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மஞ்சள், பச்சை, மறுபடி மஞ்சள். எதுவும் நிற்கவில்லை. எதுவும் புறப்படவும் இல்லை. ஒரு அம்மாள் முடிச்சு அவிழ்ந்த பையை நிதானமாகக் கட்டிவிட்டு, மூன்று கூண்டுகளைப் போகவிட்டு, நாலாவதில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை.

வேதநாயகி படிவத்தில் ரோப் கார் என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'ஓட வேண்டியதில்லை' என்று எழுதினாள்.

எஸ்தர் இரண்டையும் பார்த்தாள். இரண்டு வேறு நிற மையில் முத்திரை குத்தினாள்.

"உங்க ரூம் நானூத்திப் பன்னெண்டு. சாருக்கும் நானூத்திப் பன்னெண்டு. ஆனா அது வேற நானூத்திப் பன்னெண்டு."

"நாங்க புருஷன் பெஞ்சாதிம்மா."

"தெரியுது. நடுவுல வராந்தா இருக்கு. இன்னிக்குப் பதினாலு அடி. வாகனம் வேற வேறன்னா வராந்தா வளரும். வளர்ற வயசு. மூணாம் நாள் மத்தியானம் ஒரு மணிக்கு வந்து அளப்போம். பன்னெண்டு கிலோமீட்டருக்கு மேல இருந்தா நீங்க ரெண்டு பேரும் வேற வேற ஊர். ரேஷன் கார்டு தானா பிரிஞ்சுடும்."

"மாத்தி எழுதிக் கொடுத்தா?" என்று கேட்டார் தனக்கோடி.

"மாத்தலாம் சார். நீங்க ரோப் காருக்கு மாறணும், இல்லேன்னா அவங்க பஸ்ஸுக்கு மாறணும்."

தனக்கோடி மனைவியைப் பார்த்தார். வேதநாயகி வெளியே கூண்டுகளைப் பார்த்தாள். எஸ்தர் அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் பதினாலு அடி ஒரு பொருட்டாகவே இல்லை. வேதநாயகி காபியை எடுத்துக்கொண்டு போனாள். அவர் முறுக்கு கொடுத்தார். நல்ல முறுக்கு.

இரண்டாம் நாள் காலையில் வராந்தாவில் பூந்தொட்டிகள் முளைத்திருந்தன. தொண்ணூறு அடி. காபி கொஞ்சம் ஆறிப்போனது. மத்தியானம் வராந்தாவுக்கு ஒரு வளைவு வந்தது. சாயங்காலம் அவள் கிளம்பியபோது நடுவழியில் ஒரு மைல் கல் இருந்தது. 'தனக்கோடி 3' என்று எழுதி, மேல்பாதிக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள். எதிரே வந்த ஒரு ஆட்டு மந்தைக்கு அவள் ஒதுங்கி வழிவிட்டாள். போய்ச் சேர்ந்தபோது டம்ளரில் ஆடை கட்டியிருந்தது.

"லேட்" என்றார் தனக்கோடி.

"ஆடு வந்துது."

"ஆடெல்லாம் கணிச்சுத்தான் கிளம்பணும்" என்றார். ஆனால் ஆறிய காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அவளுடைய காலைப் பார்த்தார். செருப்புக் கடித்து இடது குதிகாலில் தோல் உரிந்திருந்தது.  டம்ளரை அவரே கழுவிக் கொடுத்தார். அவர் டம்ளர் கழுவி அவள் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவளுக்குப் போன் வந்தது. தனக்கோடியின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வேதா, வராந்தாவுல பஸ் விட்டுட்டாங்க! உன் ரூம் வாசல்லேருந்து என் ரூம் வாசலுக்கு. ஒன்பதே கால். விட்டா ஒன்பதே முக்கால். ஏறி வந்துடு."

"எவ்வளவு தூரம் ஆச்சு?"

"பதினொரு கிலோமீட்டர் நானூறு மீட்டர். பன்னெண்டுக்குள்ளதான் இருக்கு. நீ பஸ்ஸுன்னு எழுதிக் கொடுத்துட்டா இதோட நின்னுடும். ஒரு கையெழுத்துதானே."

வேதநாயகி கதவைத் திறந்து பார்த்தாள். வராந்தாவில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி அவளையே பார்த்தார். விசில் அவர் உதட்டில் தயாராக இருந்தது.

"ஏறலீங்க" என்றாள் போனில்.

"ஏன்?"

"தீபாவளிக்கு முதல் நாள். தையல் மிஷின் தலையை இடுப்புல வச்சுக்கிட்டு ஓடி வந்தேன். நாலு பத்து வண்டி. பத்தே அடி. நீங்க என்னைப் பார்த்தீங்க. பார்த்துட்டு ஊதினீங்க."



"அது தொண்ணூத்தொன்பதுல."

"ஆமா."

"நேரமாயிடுச்சு வேதா. நீன்னு நிறுத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கன்னு அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. நான் பதில் சொல்லல. இப்ப சொல்றேன். நான் ரோப் கார்லதான் போவேன்."

போனை வைத்தாள். பஸ் ஒன்பதே காலுக்குப் புறப்பட்டது. அவள் கதவைப் பூட்டிக்கொண்டு நடந்தாள். இருபத்து மூன்று பூந்தொட்டி தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ரோப் கார் நிலையத்தில் ஒரு பச்சைக் கூண்டு அவளுக்கு முன்னால் மெல்ல ஊர்ந்தது. அவள் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள். அந்தக் கூண்டு போய்விட்டது. கவலை இல்லை. அடுத்ததில் ஏறினாள்.

உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் கேரியர். பக்கத்தில் ஒரு கோப்பு.

"வாங்கம்மா. உயர அலுவலர் அம்புரோஸ்" என்றார். "இப்ப நாம எங்க இருக்கோம்?"

"மேலே."

"சான்று?"

"கீழே பாருங்க. எல்லாம் எறும்பாட்டம் தெரியுது."

"அது கீழே இருக்கறதுக்குச் சான்று. நீங்க மேலே இருக்கறதுக்குக் கீழே இருக்கற ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போடணும். சொந்தக்காரரா இருக்கணும்."

"போடலேன்னா?"

"மேலே இருந்ததுக்கே ஆதாரம் இல்லாதவங்க எப்படிம்மா கீழே இறங்க முடியும்?"

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. கூண்டு நிலையத்துக்குள் போனது. கதவு திறந்தது. வேதநாயகி காலை வெளியே வைத்தாள். தரை ஒரு விரற்கடை விலகிக்கொண்டது. மறுபடி வைத்தாள். மறுபடி விலகியது. மரியாதையாகத்தான் விலகியது. கதவு மூடிக்கொண்டு கூண்டு மேலே கிளம்பியது.

"நீங்க எப்படி இறங்குவீங்க?"

"என் சம்சாரம் தினமும் அஞ்சு மணிக்கு மொட்டை மாடிக்கு வந்து அண்ணாந்து பார்ப்பா. பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுவா. பத்தொன்பது வருஷமா ஒரு நாள் தவறல. சண்டை போட்ட அன்னிக்கும் பார்ப்பா. முறைச்சுக்கிட்டே பார்ப்பா. ஆனா பார்ப்பா."

அவர் கேரியரைத் திறந்து ஒரு வடு மாங்காயை அவளுக்குக் கொடுத்தார்.

இரண்டாவது சுற்றில் வேதநாயகி போனை எடுத்தாள். கீழே பஸ் நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டையில் தனக்கோடி சின்னதாகத் தெரிந்தார்.

"ஏங்க, கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. நான் மேலே இருக்கேன்னு ஒரு கையெழுத்து வேணுமாம்."

"கூண்டு நம்பர் என்ன?"

"நம்பர் இல்ல."

"புறப்பட்ட நேரம்?"

"புறப்படலீங்க. அது பாட்டுக்கு வந்துக்கிட்டே போய்க்கிட்டிருந்துது. நான் உள்ள உக்காந்துட்டேன்."

"நம்பரும் இல்ல, நேரமும் இல்ல. எதைப் பார்த்து நான் கையெழுத்துப் போடறது?"

"என்னைப் பார்த்துப் போடுங்க."

 "எனக்குப் பன்னெண்டு இருபதுக்கு பஸ்" என்றார். போன் அணைந்தது.

வேதநாயகி கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதாள். ரொம்ப நேரம் அழவில்லை. மேலிருந்து பார்க்க அந்த இடம் அவ்வளவு அழகாக இருந்தது. கடல் இருந்தது. கடலுக்குப் பக்கத்தில் செயற்கைக் கடல் இருந்தது. படகில் போனவர்கள் தூரத்தில் ஒரு கரையில் வீடு கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். அழுகையை நடுவில் விட்டுவிட்டு அதைப் பார்த்தாள்.

பன்னிரண்டு இருபதுக்கு பஸ் வந்தது. நின்றது. போனது. வெள்ளைச் சட்டை நிறுத்தத்திலேயே நின்றது.

"அவர் ஏறல" என்றாள் வேதநாயகி.

அம்புரோஸும் எட்டிப் பார்த்தார். தனக்கோடி நடுத்தெருவுக்கு வந்து கழுத்தை வளைத்து அண்ணாந்து நின்றார். நோட்டை எடுத்தார். கம்பியில் வந்த முதல் கூண்டைப் பார்த்து ஏதோ எழுதினார். அடுத்ததைப் பார்த்து எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டார். ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டார்.

கூண்டு லேசாகக் குலுங்கியது. அம்புரோஸ் முகம் மாறிவிட்டது.

"கீழே யாரோ நேரம் எழுதறாங்கம்மா."

"என் வீட்டுக்காரர்."

"இவ்வளவு நாள் எந்தக் கூண்டும் லேட்டா வந்ததில்ல. நேரமே இல்லையே, எப்படி லேட்டாகும்? இப்ப பாருங்க, பாதி லேட்."

உண்மைதான். முன்னால் போன பச்சைக் கூண்டு நாலு நிமிஷம் தாமதம். அதில் இருந்தவர்கள் மணிக்கட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். எங்கிருந்தோ ஒரு வேர்க்கடலைக்காரர் வந்துவிட்டார். சுக்குக் காபியும் வந்தது. ஒரு டீக்கடைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷத்தில் அது அசல் பஸ் ஸ்டாண்டு ஆகிவிட்டது.

போன் அடித்தது.

"வேதா, நீ எதுல இருக்கே? எல்லாக் கண்ணாடியும் பளபளன்னு அடிக்குது. முகம் தெரியல."

வேதநாயகி மேல் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். முந்தானையை எடுத்து வெளியே விட்டாள். மாம்பழ நிறப் புடவை. காற்றில் ஆறு அடிக்குப் பறந்தது.

"பதினேழு!" என்று கத்தினார் தனக்கோடி. போன் இல்லாமலே கேட்டது. "பதினேழாம் நம்பர்! பார்த்துட்டேன்! பன்னெண்டு நாற்பதுக்கு உன் வண்டி ஸ்டேஷன்ல! நான் கொண்டு வர்றேன்!"

நோட்டின் மேல் குனிந்து எழுதினார். தாளைக் கிழித்தார். நடந்தார். பிறகு வேக நடை. பிறகு வேதநாயகி இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தாள். தனக்கோடி ஓடினார். முழங்கை இரண்டும் பக்கவாட்டில் அடித்துக்கொள்ள, செருப்பு ஒன்று கழன்று தெறிக்க, படிக்கட்டு முழுவதும் ஓடினார்.

பதினேழாம் கூண்டு நிலையத்துக்குள் வந்து நின்றது. அட்டவணை வந்த பிறகு கூண்டுகள் நிற்க ஆரம்பித்திருந்தன. மணி பன்னிரண்டு நாற்பது. அவர் நடைமேடையின் கோடியில் தெரிந்தார். கையில் சான்று. வாயில் விசில்.

"நேரமாயிடுச்சு" என்றார் அம்புரோஸ். "டைம் கீப்பர் ஊதினா கிளம்பிடும்."

தனக்கோடி கடிகாரத்தைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். அவருக்கும் கூண்டுக்கும் நடுவில் நிறையத் தரை இருந்தது. அவர் வேலையில் ஒரு நாளும் தவறியதில்லை. ஓடிக்கொண்டே ஊதினார்.

கூண்டு கிளம்பியது.

"யோவ், உனக்கு நீயே ஊதிக்கிட்டியாய்யா!" என்றார் வேர்க்கடலைக்காரர்.

வேதநாயகி கதவில் ஒரு காலைக் கொடுத்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். அவர் ஓடி வந்து எட்டியதும் மற்ற கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பட்டன் தெறித்தது. தனக்கோடி உள்ளே வந்து அம்புரோஸின் கேரியர் மேல் விழுந்தார். கூண்டு மேலே ஏறியது.

வெகுநேரம் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஓடறது" என்றார் ஒருவழியாக, "ரொம்பக் கஷ்டமா இருக்கு வேதா."

"ஆமா."

"மிஷின் தலை என்ன கனம் இருக்கும்?"

"பன்னெண்டு கிலோ."

அவர் தலையை ஆட்டினார். நோட்டை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே போட்டார். பக்கம் பக்கமாகப் பிரிந்து அது கீழே போனது. கூண்டுகள் எல்லாம் ஒரு குலுக்கலுடன் பழையபடி நிற்காமல் ஊர ஆரம்பித்தன. கீழே வேர்க்கடலைக்காரர் அடுப்பை அணைத்தார். டீக்கடை மட்டும் கூரை போட்டுவிட்ட காரணத்தால் நின்றுவிட்டது.

ஒரு மணிக்கு எஸ்தர் பொன்மலர் போன் செய்தாள்.

"மேடம், வராந்தாவை அளக்க வந்திருக்கோம். காணோம். நீங்க எடுத்தீங்களா?"

"இல்லையேம்மா."

"சார்?"

"அவர் இங்க என் பக்கத்துல உக்காந்திருக்கார். அவர் கையில எதுவும் இல்ல."

"சரி" என்றாள் எஸ்தர். "கிடைச்சா கவுண்டர்ல கொடுத்துடுங்க."

கூண்டு நிலையத்தை நெருங்கியது. அம்புரோஸ் கசங்கிய சான்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரை குத்தினார்.

"அம்மா இறங்கலாம்."

வேதநாயகி காலை வைத்தாள். தரை அங்கேயே இருந்தது. இறங்கினாள். பின்னாலேயே தனக்கோடி காலை வைத்தார். தரை விலகிக்கொண்டது.

"ஐயாவுக்குச் சான்று?" என்றார் அம்புரோஸ்.

"நான் இப்பத்தானே ஏறினேன்!"

"அதனாலதான் கேக்கறேன்."

அம்புரோஸ் கதவிடுக்கு வழியாக ஒரு வெற்றுப் படிவத்தையும் பேனாவையும் வேதநாயகியிடம் நீட்டினார். கதவு மூடியது. தனக்கோடி கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு மேலே போனார்.

வேதநாயகி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். ஒரு டீ சொன்னாள். சூடாக வந்தது. பாதி குடித்திருக்கும்போது போன் அடித்தது.

"வேதா, நான் தெரியறேனா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் கூண்டு. கண்ணாடியில் மூக்கு நசுங்கியிருப்பதுகூடத் தெரிந்தது. பட்டன் போன சட்டை தெரிந்தது. கைக்குட்டையை ஆட்டினார்.

"தெரியலீங்களே."

"இந்தா, கையை ஆட்டறேன் பாரு."

"வெயில் கண்ணைக் கூசுது. ஒரு சுத்து வாங்க, பார்க்கலாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அங்க நேரமெல்லாம் கிடையாதுங்க. கடல் தெரியுதா?"

கண்ணாடியில் ஒட்டியிருந்த மூக்கு கடல் பக்கம் திரும்பியது.

"தெரியுது" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "ரெண்டு கடல் இருக்கு வேதா. யாரோ துணி காயப் போட்டிருக்காங்க. நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எனக்கு நீ தெரியறே. டீ குடிக்கறே."

"ஆமா."

மஞ்சள் கூண்டு வளைவில் திரும்பி மறைந்தது. பின்னால் பச்சை வந்தது. வேதநாயகி பேனாவின் மூடியைத் திறந்தாள். எழுதுகிறதா என்று உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். நன்றாக எழுதியது. மூடியை மூடினாள். படிவத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னாள்.